மருதாயி தூங்க ஓர் அறை

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவனுக்குச் சேலை காணாமல் போவது புதிதல்ல. குழந்தை காணாமல் போவது புதிது!

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பின்னறையில் தூங்க வைத்த நாலு வயதுக் குழந்தையைக் காணோம். நானும் என் மனைவி சௌந்தரமும் கிணற்றடி, வண்டிப்பேட்டை, தெரு என்று அலைந்தோம். கடைசியில் கடைக்குள்ளேயே கிடைத்தாள். மேசைக்கு அடியில், சேலைக் கட்டுகளுக்கு நடுவில், வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே மூன்று பெண்கள் ஒரே சேலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த அறையில் பத்து நிமிஷம் கண் மூட மாட்டாள். இந்த இரைச்சலில் இப்படி ஒரு தூக்கமா? 

அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மருதாயி. என் தங்கை காமாட்சியின் மகள். தங்கை புருஷன் கறுப்பையா பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சின்னக் கங்காணி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு காம்பரா. சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். ஒரு கதவு உண்டு. ஜன்னல் கிடையாது.

தங்கைக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒன்பதாம் நாள் தவறிப்போனது. அதோடு அவளுக்கும் காய்ச்சல். மாட்டுவண்டியில் கொண்டுவந்து பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருதாயி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு பொல்லாத இருமலும் வந்தது.

நெஞ்சைத் தட்டிப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர்.

"பிள்ளைக்குப் புகை கூடாது. காத்து வாற அறையில தனியப் படுக்க வையுங்கோ. சத்தம் வேண்டாம். கொசுவலை கட்டாயம் கட்ட வேணும்."

எனக்கோ பிள்ளை குட்டி இல்லை. வளர்த்த அனுபவமும் இல்லை. டாக்டர் சொன்னதைப் பாடம் போல் மனதில் ஏற்றிக்கொண்டேன். சரக்கு போட்டுவைத்த பின்னறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்தேன். தச்சுவேலை பாஸ் வந்து ஒரு ஜன்னல் வைத்தார். குழந்தை உருண்டு விழாமல் இருக்க, பக்கச் சட்டம் வைத்துக் குட்டையாக ஒரு கட்டிலும் செய்தார். அதில் வெள்ளை விரிப்பு; மேலே வெள்ளைக் கொசுவலை. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி...

மருதாயி வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். ஒரே அலறல்!

கட்டில் உயரம் என்றார் பாஸ்; காலைக் குறைத்தார். தூளி கட்டுங்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர், கட்டினோம். நமக்கு நடுவில் போட்டுக்கொள்ளலாம் என்றாள் சௌந்தரம். டாக்டர் கூடாதென்றாரே என்றேன் நான். நாள் முழுக்க யோசனை கேட்டேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. குழந்தை இளைத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் தங்கை, "அண்ணே, புள்ள தூங்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டிப் பொய் சொன்னேன்.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, பின்னறைத் தரையில் மருதாயியோடு உட்கார்ந்தேன்.

"ஏன் கண்ணு, கட்டில்ல படுக்க மாட்டேங்குற?"

 சட்டையில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "தம்பி அப்படித்தான் படுத்திருந்தான்" என்றாள்.

"எப்படி?"

கொசுவலையைக் காட்டினாள். "வெள்ளைத் துணியில. தனியா. யாருமே பேசல மாமா. அப்பறம் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அவளே கேட்டாள்.

"என்னையும் தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

வாரியெடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய? வெள்ளைத் துணி, தனிமை, சத்தமில்லாத அறை... நான் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் அவளுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கிறது!

அதற்குப் பிறகும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. டாக்டர் சொன்னதும் சரி. குழந்தை பயப்படுவதும் சரி. இரண்டு பேரும் சரி என்றால், நடுவில் நிற்பவன் யார் பேச்சைக் கேட்பது?

மறுநாள் அவளைக் கடைக்குள் இறக்கிவிட்டு, "உனக்குப் புடிச்ச துணிய எடுத்துக்க" என்றேன். பளபளக்கும் துணிகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் கட்டும் முரட்டுச் சிவப்புக் கட்டம் போட்ட சேலையைப் பிடித்துக்கொண்டாள். அது விரிப்பானது. கொசுவலையைச் சௌந்தரம் மஞ்சளில் முக்கிக் காயப் போட்டாள். கடைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவரில் இரண்டு பலகையைப் பாஸ் கழற்றினார். ஜன்னல் ஜன்னலாகவே இருந்தது.

அன்று கடையில் நல்ல கூட்டம். உள்ளே இருந்து குரல் வந்தது.

"மாமா?"

"இருக்கேன் கண்ணு."

ஒரு கஜம் அளப்பதற்குள் மறுபடியும், "மாமா?"

நான் ஏணிமேல் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, சேலை வாங்க வந்த ஓர் அம்மாளே பதில் சொல்லிவிட்டார்: "இருக்காரு தாயி, நீ தூங்கு!"

பிறகு குரல் வரவில்லை. கடையே கப்சிப்பென்று ஆகிவிட்டது. "ஐயோ, பேசுங்க... பேசுங்க!" என்று எல்லோரையும் நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

பத்து நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது. தங்கையும் தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மஞ்சள் வலைக்குள் மகள் தூங்குவதைப் பார்த்து, சட்டத்தைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். அழைத்துப் போக வந்த கறுப்பையா அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், இதே மாதிரி நம்ம காம்பராவுல ஒரு ஜன்னல் வச்சா புள்ளைக்குப் புகை அடங்கிரும்ல?"

"தாராளமா அடங்கும். பாஸையும் மரத்தையும் நான் அனுப்புறேன். தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க மாப்பிள்ளை."

கேட்டுவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஒனக்கு ஒன்னு விட்டா நாளைக்கு லயத்துல அத்தன பேரும் ஜன்னல் கேப்பான்னுட்டாரு மச்சான்."

தங்கையும் மருதாயியும் இப்போதைக்கு எங்களோடுதான் இருக்கிறார்கள். கறுப்பையா மட்டும் தனியாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்.

துரை சொன்னதை நாலு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். லயத்தில் அத்தனை பேரும் ஜன்னல் கேட்டால் அதில் என்ன தப்பு? எனக்குப் புரியவே இல்லை... உங்களில் யாருக்காவது புரிகிறதா?