பொலித்தீன் கழற்றாத மெத்தை

எங்கள் வீட்டில் பிள்ளையைப் பற்றிப் பெருமைப்படும் வேலை முழுவதும் இவருடையது. இவர் என்றால் என் கணவர். அந்தப் பெருமைக்கு வேண்டிய தோய்த்த சீருடை, நேரத்துக்குச் சாப்பாடு, மருந்தெண்ணெய் தடவிய முழங்கால் ஆகியவற்றைத் தயார்செய்வது என்னுடையது. நியாயமான பிரிவினை. இதில் யாருக்கும் குறை இல்லை, என்னைத் தவிர.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட பாண்ட் வாத்திய அணியில் மெலோடிக்கா ஊதினாள், ஜிம்னாஸ்டிக் குழுவிலும் இருந்தாள். முரசுமோட்டைக் கடைக்கு வெங்காயம் வாங்கப் போனாலும் இந்த இரண்டு செய்தியையும் சொல்லாமல் இவர் திரும்பமாட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காகம், வயல் உழும் இரண்டு சக்கர லான்ட்மாஸ்டரில் ஏறிப்போய் ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வரும்.

பாண்ட் அணிக்கு முழுதாகத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டுத்தான், விருந்தினரை வரவேற்கும் மெட்டு. அதுவே போதும். எங்கள் பள்ளிக்கூடத்தில் விருந்தினர் வராமல் ஒரு தண்ணீர்க்குழாய்கூடத் திறக்கப்பட்டதில்லை. மகள் மாட்டுக்கொட்டில் பக்கம் நின்று அந்த மெட்டைப் பழகிய மாதத்தில் எங்கள் பசு பாலைக் குறைத்துவிட்டது. வெயில்தான் காரணம் என்றார் இவர்.

ஜிம்னாஸ்டிக்குக்கு மெத்தை வேண்டும். மெத்தை இருந்தது. பள்ளிக்கூட அதிபரின் அறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், வந்திறங்கிய பொலித்தீனோடு நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் மிதித்தால் ஊத்தையாகிவிடுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. புதுப்பொருளின் பொலித்தீனை நாங்களாகக் கழற்றுவதில்லை, அதுவாகக் கிழிந்து போகவேண்டும். எங்கள் வீட்டுக் கதிரைகளின் கால்களிலும் அது இன்னும் தொங்குகிறது. ஆகவே அதிபரை நான் அதிகம் குறைசொல்லக் கூடாது. ஆனாலும் சொல்வேன்.

மெத்தை இளைப்பாறிக்கொண்டிருக்க, பிள்ளைகள் எங்கள் வயல் வைக்கோலில் பழகினார்கள். அறுவடை முடிந்த காலம். மைதானத்து மூலையில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, நெல் காயவிடும் படங்கை அதன்மேல் விரிப்போம். பிள்ளை வந்து விழும்போது படங்கு இழுபடும் என்பதால் நாலு மூலையிலும் ஆள் ஏறி நிற்கவேண்டும். மகள் கற்றுக்கொண்டது பின்கரணம். பின்பக்கமாகத் துள்ளி, காற்றில் ஒருமுறை சுழன்று, காலில் வந்து நிற்கவேண்டும். ஒருநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் வீட்டுக்கு வந்தாள். அன்று எனக்குள் ஏறிய பயம் இறங்கவேயில்லை. வித்தை கைவந்துவிட்டது என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியன்று மெத்தை வெளியே வந்தது. மைதானத்தின் நடுவில், பொலித்தீன் மினுங்க, குறுக்கே சிவப்பு நாடா கட்டிக் கிடத்தியிருந்தார்கள். காலையில் மகள் அதில் ஒருமுறை துள்ளிப் பார்த்திருக்கிறாள். பாண்ட் உடுப்போடு, முழங்கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, அது வழுக்குது. துள்ளமுந்தியே கால் போகுது."

நான் நேரே அதிபரிடம் போனேன். அவர் விருந்தினருக்குக் கட்டிய மாலையிலிருந்து வாடிய பூக்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தப் பொலித்தீனைக் கழட்ட வேணும். பிள்ளை விழுந்திட்டாள்."

"கழட்டேலாது அம்மா. விருந்தினர்தான் வெட்டித் திறந்து வைக்கிறதா ஒழுங்கு."

"அவர் எப்ப வருவார்?"

"வவுனியாவில இருந்து வாறார். புளியங்குளம் தாண்டீற்றாராம்."

"அப்ப அவர் வந்தாப்பிறகு செய்யட்டும்."

"அதுவரைக்கும் சனத்தைப் பிடிச்சு வைக்க ஏதும் வேணுமெல்லோ? ஜிம்னாஸ்டிக்கை இப்ப விடுவம். பிள்ளையைக் கவனமாச் செய்யச் சொல்லுங்கோ."

எவ்வளவு நல்ல யோசனை. கவனமாகத் தலைகீழாகச் சுழல்வது எப்படி என்று அவரிடமே கேட்டிருக்கலாம். பந்தலின் முன்வரிசையில் கதிரை பிடித்து உட்கார்ந்திருந்த இவரிடம் போனேன்.

"இஞ்சேருங்கோ, ஓடிப்போய் வைக்கலையும் படங்கையும் ஏத்திக்கொண்டு வாங்கோ."

"நான் போனா அவள் செய்யிறதைப் பாக்கேலாதெல்லோ. என்ன கதை கதைக்கிறீர்?"

"நீங்கள் கொண்டராட்டி அவளைச் செய்ய விடமாட்டன்."

போனார். விளையாட்டு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிபர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு ஒலிவாங்கியை எடுத்துப் பழைய மாணவர்களின் சாக்கோட்டத்தை அறிவித்தார். தொந்தியும் தாங்களுமாகப் பழைய மாணவர்கள் விழுந்து எழும்பினார்கள். அது முடிந்ததும் திரும்பவும் ஓடவிட்டார். இடையில் விருந்தினர் புளியங்குளத்தில் நிற்கிறார் என்று புதிய செய்தி வந்தது. தாண்டிப் போனவர் எப்படித் திரும்பிவந்து அங்கேயே நின்றார் என்று யாரும் கேட்கவில்லை.

இனிமேல் நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் வரவேற்பின் சட்டம் தெரியவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வரும் ஒழுங்கையின் முனையில் நிற்கும் மாணவன், புழுதி தெரிந்ததும் கொடியை ஆட்டுவான். உடனே வாசலில் நிற்கும் பாண்ட் அணி மேடைப் பக்கம் திரும்பி, வாசித்தபடி நடக்கத் தொடங்கும். விருந்தினர் பின்னால் வருவார். என்ன நடந்தாலும் அணியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மெட்டு வாசிக்கத் தொடங்கினால் சபை எழுந்து நிற்கும்.

புழுதி தெரிந்தது. கொடி ஆடியது. பாண்ட் நடந்தது. சபை எழுந்தது. மேடையில் நின்ற அதிபர் இரண்டு கையையும் கூப்பினார்.

பின்னால் வந்தது எங்கள் லான்ட்மாஸ்டர். பின்னால் இழுக்கும் பெட்டி நிறைய வைக்கோல், அதன்மேல் மடித்த படங்கு, முன்னால் இவர். பாதையின் இரு பக்கமும் கயிறு கட்டியிருந்ததால் திருப்ப வழியில்லை. மேளச் சத்தத்தில் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். கேட்டிருந்தாலும் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்கள். இவருக்கு என்ன செய்வதென்று ஒரு கணம் விளங்கவில்லை. அடுத்த கணம் விளங்கிவிட்டது. முதுகை நிமிர்த்தினார். பிடியிலிருந்து ஒரு கையை விட்டால் லான்ட்மாஸ்டர் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படியும் விட்டார். அந்தக் கையைச் சபையை நோக்கி மெல்ல உயர்த்தினார்.

மேடைக்கு முன்னால் அணி திரும்பியபோதுதான் மகள் தன் அப்பாவைக் கண்டாள். மெட்டு முடியும்வரை நிறுத்தக் கூடாது. சிரிப்பை அடக்கி, தோள் குலுங்கக் குலுங்க ஊதினாள். கடைசிச் சுரம் வாத்துக் கத்தியதுபோல வந்தது.

அதிபர் கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தேடிக்கொண்டிருக்க, எழுந்து நின்ற சனம் சிரித்துக்கொண்டே வந்து வைக்கோலை இறக்கியது. படங்கை விரித்தோம். ஒரு மூலையில் நான், ஒன்றில் இவர், மற்ற இரண்டிலும் விளையாட்டு ஆசிரியரும் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு தாயும். மகள் பாண்ட் சட்டையையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு ஜிம்னாஸ்டிக் உடுப்போடு வந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

துள்ளினாள். முழங்கால்கள் நெஞ்சோடு சேர்ந்ததைக் கண்டேன். தலைமுடி கீழே தொங்கியதைக் கண்டேன். இரண்டு காலும் ஒன்றாக வந்து படங்கில் ஊன்றின. ஓர் அடிகூட அசையாமல் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய கழுத்து நேராக இருந்தது, அதுதான் முதல் சந்தோசம். பெருமை பிறகுதான் வந்தது. வந்ததும் இவருடைய பெருமையெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

அதை யாரும் படம் எடுக்கவில்லை. படப்பிடிப்பாளர் விருந்தினருக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.

விருந்தினர் ஒருவழியாக வந்தார். பாண்ட் திரும்பவும் வாசித்தது, சபை அலுப்போடு எழுந்தது. நாடாவும் பொலித்தீனும் வெட்டப்பட்டன. புது மெத்தையில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லி அதிபர் மகளை அழைத்தார். வைக்கோலில் எழும்புவதற்கு எவ்வளவு பலமாக உதைப்பாளோ அவ்வளவு பலமாக உதைத்தாள். மெத்தை அவளைத் தூக்கி எறிந்தது. அளவுக்குமேல் சுழன்று, தொப்பென்று உட்கார்ந்தபடி வந்து இறங்கினாள். படப்பிடிப்பாளர் அழகாக எடுத்தார். கத்தரிக்கோலோடு விருந்தினரும், பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் என் மகளும் இப்போது அதிபரின் அறைச் சுவரில் தொங்குகிறார்கள். கீழே மெத்தை நிற்கிறது. புதுப் பொலித்தீன் சுற்றியிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் மிச்ச வைக்கோலின்மேல் நானும் மகளும் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தோம். வாய்க்கால் பாலம் வந்தபோது அவள் சொன்னாள்.

"அம்மா, எல்லாரும் நான் விழுந்ததைத்தானே படம் எடுத்தவை."

"நீ நிண்டதை நான் பாத்தனான்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். கால் ரெண்டும் சேர வந்து நிண்டது. அசையேல்லை."

அவள் என் தோளில் சாய்ந்தாள். முன்னால் இருந்து இவர் திரும்பாமலே கேட்டார்.

"இஞ்சேரும், எனக்குப் பாண்ட் அடிச்சதை ஆரும் படம் எடுத்தவையோ?"

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பையிலிருந்து மெலோடிக்காவை எடுத்து அதே மெட்டை ஊதத் தொடங்கினாள். இவர் முதுகை நிமிர்த்தினார். எங்கள் வீட்டுப் படலை வரும்வரை அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கொட்டிலுக்குள் படுத்திருந்த பசு எழுந்து நின்றது.