தன் தவறைத் தேடிப் போன நஸ்ரீன் ஆபா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தி.நகரில் ஒரு ஓட்டல் அரங்கின் கடைசியில் இருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நஸ்ரீன் ஆபாவுக்காகக் காத்திருந்தேன். விவசாயக் கடன் பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கு. மேடையில் இந்தியில் பேசுவதை நாங்கள் இருவரும் அரை மணிக்கு ஒருவராக மாறி மாறித் தமிழில் சொல்ல வேண்டும். ஒன்பதரைக்குத் தொடக்கம். எட்டரைக்கே வந்து மைக்கைத் தட்டிப் பார்க்கிறவர் ஒன்பதேகால் ஆகியும் வரவில்லை. நான்கு முறை அழைத்தேன். ஐந்தாவது முறை அவருடைய மகள் சனா எடுத்தாள்.

"அம்மி காலைல தொழுகைக்கு எழுந்திருக்கல, ஆன்ட்டி. டாக்டர் வந்து பாத்துட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்."

நாற்பத்தெட்டு வயது. இதயம் நின்றுவிட்டது என்றார்களாம். வேறு ஆள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று ஏற்பாட்டாளர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் நானே பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை. தவறாக ஏதாவது சொல்லியிருந்தால், எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நஸ்ரீன் ஆபா சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, தெருவில் தமிழ். கணவர் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறார். பத்து வருடம் பள்ளியில் இந்தி சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பத்தொரு வயதில், வாய்மொழி மொழிபெயர்ப்புக்கான முதுநிலைப் படிப்பில் எங்களோடு சேர்ந்தார். வகுப்பில் பதினோரு பேர். அவர்தான் மூத்தவர். உருதுவில் அக்காவை அழைக்கும் விதமாக எல்லோரும் 'ஆபா' என்றோம். அவரோ எங்கள் எல்லோரையும் கடைசிவரை 'நீங்க' என்றுதான் பேசினார்.

அவ்வளவு பயந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. முதல் மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி. காதில் ஒலிக்கும் பேச்சை, இரண்டு சொல் பின்தங்கி, நிறுத்தாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். முறை வருவதற்கு முன் ஆபா கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுப்பார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் சொல்லி முடிப்பார். இப்படி வதைபட்டு ஏன் படிக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

"பயம் விட்டுப் போச்சுன்னா நான் கவனிச்சுக் கேக்கறத விட்டுடுவேன், மைதிலி" என்றார்.

நான் மயிலாப்பூரிலிருந்து வருவேன். எனக்கும் பயம் உண்டு, ஆனால் வெளியே தெரியாது. வகுப்பு இல்லாத நாள்களில் கோட்டூர்புரம் நூலகத்தில் சந்தித்து, வாசல் படியில் உட்கார்ந்து ஒருவர் செய்தித்தாளை வாசிக்க மற்றவர் மொழிபெயர்ப்போம். எண்கள் வந்தால் இருவருமே தடுமாறுவோம்.

இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வு அடையாறில் ஒரு சிறிய மருத்துவமனையில் நடந்தது. நிஜ மருத்துவர், நிஜ நோயாளி. பீகாரிலிருந்து வந்த ஒரு பெரியவர், கட்டட வேலை செய்யும் அவருடைய மகன். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையின் அளவை மருத்துவர் அன்று மாற்றினார். இதுவரை ஒன்று, இனிமேல் ஒன்றரை. கூடினால் உள்ளே ரத்தம் கசியும் என்று தமிழில் எச்சரித்தார். ஆபா அதை இந்தியில் சொன்னார். எச்சரிக்கை உட்பட எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஒன்றரைக்கு 'டேட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டாயி' என்று வந்துவிட்டது. டாயி என்றால் இரண்டரை.

அடுத்த முறை என்னுடையது என்பதால் சுவரோரம் பெஞ்சில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. இந்தி தெரிந்த தேர்வாளர் அந்த நேரம் பக்கத்து அறையில் இருந்தார். தேர்வில் குறுக்கே பேசக்கூடாது என்பது விதி. சீட்டில் மருத்துவர் எழுதித்தானே கொடுக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மகனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை ஐந்து நிமிடம் முன்புதான் கேட்டிருந்தேன். உண்மையில் என் தேர்வு கெட்டுவிடும் என்று பயந்தேன். பேசாமல் இருந்தேன்.

தேர்வு முடிந்து மாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆபா என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"நான் டேட்னு சொன்னேனா, டாயின்னு சொன்னேனா?"

"கவனிக்கல, ஆபா" என்றேன்.

அவர் திரும்பி மருத்துவமனையை நோக்கி வேகமாக நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். நோயாளியின் தொலைபேசி எண்ணைத் தர வரவேற்பறையில் மறுத்தார்கள். அவர்களே அழைத்துப் பார்த்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். வெளியே ஆட்டோ நிறுத்தத்தில் ஒவ்வொருவராக ஆபா விசாரித்தார்.

"இன்னா மேடம், அந்த இந்திக்காரப் பெர்சா? நம்ம பையன்தான் இட்டுனு போனான். கோட்டூர்புரம் ஆத்தோரம் பில்டிங் கட்டிக்கினு கீறாங்கோ பாரு, அங்க" என்றார் ஒருவர்.

அவருடைய ஆட்டோவிலேயே ஏறினோம். அந்தப் பயணம் பத்து நிமிடம்கூட இருக்காது. ஆபா முன்கம்பியைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே என்று ஆறுதல் சொன்னேன். வேலைக்குப் போகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிடுவார்கள் என்றார்.

தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. ஐந்தாவதில் அவர்கள் இருந்தார்கள். பெரியவர் சாப்பிட்டு முடித்திருந்தார். மகன் ஒரு காகிதத் துண்டின்மேல் இரண்டு முழு மாத்திரைகளையும் உடைத்த பாதியையும் வைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.

மருத்துவர் அளவை மாற்றிவிட்டார் என்று சொன்னால் போதும் என்று நான் ஆபாவின் காதில் கிசுகிசுத்தேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, அந்த மகனிடம் இந்தியில் சொன்னார்: "டாக்டர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டரை இல்லை, ஒன்றரை." ஒரு மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்து அட்டையோடு சேர்த்து வைத்தார். அந்த இளைஞனையும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

அங்கிருந்தபடியே எங்கள் பல்கலைக்கழகத் துறைக்குத் தொலைபேசியில் அழைத்துத் தன் பிழையைத் தெரிவித்தார். தேர்வு ரத்தானது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதித்தான் பட்டம் வாங்கினார். நான் அந்த முறையே நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன்.

பிறகு ஐந்து வருடம் ஒரே கண்ணாடி அறையில் வேலை பார்த்தோம். இரண்டாம் வருடம், மயிலாப்பூரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு எனக்குக் கேட்டுது, ஆபா."

"தெரியும். எழுதிட்டே இருந்த நீங்க பென்சில கீழ வெச்சீங்க. அதப் பாத்துதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "இனிமே சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டார்.

சொல்வேன் என்றேன். அதன்பின் நான்கு முறை அவர் தவறியபோது தோளைத் தொட்டுச் சொன்னேன். நான்கு முறையும் அவர் மைக்கில் அப்போதே, "மன்னிக்கவும், மொழிபெயர்ப்பில் பிழை, திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்ந்தார். என் பிழைகளை அவர் எத்தனை முறை திருத்தினார் என்பதற்குக் கணக்கே இல்லை.

செவ்வாய் மதியம் சிந்தாதிரிப்பேட்டை வீட்டுக்குப் போனேன். பெண்கள் உள்ளறையில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆபாவின் தாயாருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து உருதுவில் கேட்டார்: "நீதான் அவளோடு வேலை செய்கிறவளா? சின்னதிலிருந்தே பயந்த பெண். அங்கேயும் பயந்தாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் இருந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"ஆமாம் அம்மா. தினமும் பயந்தார். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை" என்றேன்.

அவர் என் கையை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலைத் தொழுகைக்கு முன் எடுத்தார்கள். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. சனாவோடு மாடி ஜன்னலில் நின்றேன். அந்தக் குறுகலான தெருவில் எதிரே வந்த மினி லாரி தானாகவே பின்னால் நகர்ந்து, முனைவரை போய், வழிவிட்டு நின்றது. தோள் மாறித் தோள் மாறி, வெள்ளைத் துணி போர்த்திய அந்தச் சந்தூக்குப் பெட்டி முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

போய் வாருங்கள், ஆபா. நாளை மறுநாள் எனக்கு மறுபடி வேலை இருக்கிறது. இப்போதே கை சில்லிடுகிறது.