மூன்று அடி பின்னால்

வானொலியில் முப்பத்தெட்டு வருடம் நடித்தேன். தொலைக்காட்சியில் ஒன்பது நாடகம். ஒன்பதிலும் கதிரையில் உட்கார்ந்தபடி இருமுகிற அப்பா வேடம். எழுபத்துமூன்று வயதில்தான், போன மாதம், எழுந்து நடக்கிற வேடம் ஒன்று கிடைத்தது. படப்பிடிப்பு இரணைமடுக் குளக்கட்டில். வாகனம் வருமுன் பதினொரு தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

காட்சி சின்னது. வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போக ஆயத்தமாகும் மனைவியிடம், "நீ போ, நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு, குளக்கட்டில் நிற்கும் மருதமரம் வரை நடந்து போகவேண்டும். மனைவியாக நடித்தவர், வானொலியில் இருபத்தாறு வருடம் என் மனைவியாக நடித்த அதே நடிகை.

கமரா ஓடத் தொடங்கியது. வசனத்தைச் சொன்னேன். முகத்தை இடப்பக்கம் திருப்பி, கடைசிச் சொல்லில் குரலைச் சிறிதாக்கிக்கொண்டு மூன்று அடி பின்னால் வைத்து நின்றேன்.

"கட்! ஐயா, எங்க போறியள்?" என்றார் இயக்குநர். என் வயதில் பாதிகூட இல்லை அவருக்கு.

"போயிட்டன் தம்பி."

படப்பிடிப்புக் குழுவில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். வலையோடு போன மீனவரும் நின்று சிரித்தார். வானொலியில் போவதென்றால் அதுதான். மைக்கிலிருந்து மூன்று அடி பின்வாங்கினால், கேட்பவர்களுக்கு ஆள் தெருமுனையைத் தாண்டியிருப்பார். நானூறு தடவைக்கு மேல் அப்படி வீட்டை விட்டுப் போயிருக்கிறேன்.

இரண்டாம் தரமும் மூன்று அடி. மூன்றாம் தரமும் மூன்று அடி. நான் என்ன செய்ய, கால் பழகிவிட்டது.

இயக்குநர் சூரியனைப் பார்த்தார். "இன்னும் ஒரு தரம்தான் ஐயா. நாளைக்குக் கமரா வவுனியாவில நிக்கவேணும். சரிவராட்டில், நீங்கள் கதிரையில இருக்கிற மாதிரி எடுத்து முடிப்பம்."

பத்தாவது கதிரை!

நடிகை கிட்ட வந்து, வானொலியில் புருஷனைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, என்னை விட்டிட்டுப் போகச் சொன்னா உங்களுக்கு மூண்டு அடிதான் வரும். அது எனக்குத் தெரியும். அதால போகாதேங்கோ, வாங்கோ."

"எங்க வாறது?"

"மைக் அந்த மருதமரத்தில நிக்குது எண்டு நினையுங்கோ. வசனத்தைச் சொல்லிப்போட்டு அதுக்குக் கிட்ட வாங்கோ. என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நில்லாதேங்கோ."

வானொலியில் வருவதென்றால் மைக்கை நோக்கி நடப்பது. அது எனக்கு வரும்!

வசனத்தைச் சொன்னேன். திரும்பினேன். நடந்தேன். செருப்புச் சத்தம் மைக்கில் விழுமோ என்ற பயம் வேறு. நாற்பத்தொரு அடி. மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மனம் துள்ளியது.

ஆனால் வானொலி விடுமா? நாடகம் முடிந்தாலும் கலையகத்தில் சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் அசையக்கூடாது. ஒரு செருமல் போதும், எல்லாம் கெட்டுவிடும். நானும் மரத்தைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணினேன். பத்து. பதினைந்து. பதினெட்டு.

"கட்! ஓகே!"

இயக்குநர் ஓடிவந்தார். "ஐயா, அந்தக் கடைசியில அசையாமல் நிண்டியளே, அதை எப்பிடி யோசிச்சனீங்கள்?"

நான் இன்னும் மூச்சை விடவில்லை. பேசலாமா என்று தெரியவில்லை. பின்னால் வந்த நடிகை என் தோளைத் தட்டினார்.

"சிவப்பு லைட் அணைஞ்சிட்டுது. மூச்சை விடுங்கோ."

விட்டேன். சூரியன் குளத்து நீருக்கு மேலே இன்னும் ஒரு முழம் நின்றது.

"தம்பி, இன்னொருக்கா நடப்பமோ?" என்று கேட்டேன்.