முந்திரிப்பழத்துக்கு மேல் பால்

பங்குனி பிறந்துவிட்டால் அமல்ராஜ் வாயில் வைப்பதற்குள் டீ ஆறிவிடும். முதலில் வாசலுக்குப் போய் வாய் கொப்புளிப்பான். நாக்கைப் பல்வரிசை முழுக்க ஓட்டிப் பார்ப்பான். பிறகு வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோவான். முந்திரிப்பழ வாசம் லேசாக அடித்தாலும் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவான். கந்தர்வக்கோட்டை டீக்கடையில் கேட்டால் அல்சர் என்பான். கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே வரக்காப்பியை நீட்டிவிடுகிறார்.

அந்தப் பயம் அவனை ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்டில் பிடித்தது. முந்திரிக்கொட்டை வாங்கும் ஒரு கம்பெனிக்காகச் சில சீசன் அங்கே குடோனில் சரக்குப் பார்த்தான். எதிரே அஜுவா என்றொரு பெண் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அங்கே தின்று தின்றுதான் அந்த ஊர்ப் பெயர்கள் அவன் நாக்குக்குப் பழகின. மரவள்ளியைத் துருவிப் புளிக்கவிட்டு ஆவியில் வைத்தால் அட்டியேக்கே. பார்க்க ரவை உப்புமா, வாயில் வைத்தால் புளிப்பு. பழுத்த வாழையை எண்ணெயில் பொரித்தால் அலோக்கோ. கிழங்கை இடித்துப் பந்தாக உருட்டினால் ஃபூட்டூ. காய்ந்த புளிச்சைப் பூவை ஊறவைத்த சிவப்புச் சாறு பிசாப்.

ஒருநாள் முந்திரிப்பழத்தைக் கடித்துக்கொண்டே பால்பவுடர் டீயை எடுத்தான். அதிர்ந்து பேசாத அஜுவா ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். கொதிக்கிற டீ அவள் கையிலேயே கொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை. இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் ஆள் பிழைக்காது என்றாள். அக்கா மகன் அப்படித்தான் போனான் என்று சொல்லி, இடுப்பளவு உயரத்தைக் கையால் காட்டினாள். சுற்றி நின்ற மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகங்கள் அவனோடு விமானம் ஏறி வந்துவிட்டன.

ஊரில் சொன்னபோது சிரித்தவள் மனைவி அருள்ராணி. மகள் ஃபெமினாவுக்குக் கதையைவிடப் பெயர்கள் பிடித்துப்போயின. பள்ளிக்கூட வேனில் அலோக்கோ அலோக்கோ என்று பாடிக்கொண்டு போவாள்.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை. கொல்லையிலிருந்து வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஃபெமினாவின் கவுனெல்லாம் பழக்கறை. பக்கத்தில் உப்புத் தட்டு, சப்பிப்போட்ட சக்கை. அதற்குப் பக்கத்தில் பாலாடை ஒட்டிய காலி டம்ளர்.

பால் குடித்தாயா என்றதற்குப் பிள்ளை தலையாட்டியது. அவன் குனிந்து அதன் வாயை முகர்ந்து பார்த்தான்.

அருள்ராணி அடுப்படியிலிருந்தே கேலி பேசினாள். "ஆப்பிரிக்காக்காரன் வயித்துக்குப் போட்ட சட்டம் ஆவூர்க்காரி மக வயித்துக்குமாங்க?"

"நீ மீன்கொழம்பு தின்னுட்டு என்னைக்காச்சும் தயிர் ஊத்திச் சாப்பிட்டிருக்கியா, ராணி?"

அவள் கை நின்றது. பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டதில்லை. அவள் அம்மா மீன் சட்டி இருக்கும் அலமாரித் தட்டில் தயிர்க் கிண்ணத்தை வைக்கக்கூட விடமாட்டாள். அருள்ராணி மெல்லச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கேலி இல்லை.

வெயிலில் ஆடிய பிள்ளைக்குக் கண் சொருகியது. தூக்கமா மயக்கமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மடியில் உட்காரவைத்து அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டான். வாழைப்பழம் பொரிச்சா என்ன? அலோக்கோ. சிவப்பா குடிக்கிறது? பிசாப். மரவள்ளியில் பண்ணுறது? "அட்டியே..." என்றதோடு வாய் நின்றது. கன்னத்தைத் தட்டினான். தலை தோளில் சரிந்தது.

வண்டியை எடுத்தான். அருள்ராணி அதற்குள் ஆவூரில் இருக்கும் தங்கை ஜாஸ்பினுக்குப் போன் போட்டு, உடனே கிளம்பி வா, ராத்திரி தங்குகிற மாதிரி வா என்றாள். இந்த நேரத்தில் தங்கை எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. பிள்ளையை நடுவில் அணைத்துப் பின்னால் உட்கார்ந்தவள் பாதி வழியில் அவன் காதருகே கேட்டாள்:

"என்னங்க, பிள்ளைக்குச் சடை பின்னத் தெரியுமா ஒங்களுக்கு?"

பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நாடி பார்த்தாள், கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். ஃபெமினா சிணுங்கிக்கொண்டு எழுந்து ஐஸ் வேண்டுமென்றாள். வெறும் தூக்கம்தான் என்று நர்ஸ் சொன்னாள். பழமும் பாலும் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது, நாங்களும் தின்றிருக்கிறோம் என்றாள். அமல்ராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அருள்ராணி நகரவில்லை. "பெரியவங்களுக்கும் ஒண்ணும் செய்யாதாங்க?"

தன் வாய் கொப்புளிப்பைத்தான் குத்துகிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், இருட்டும்வரை வளாகத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அடிக்கடி எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினாள். வயிற்றில் கையை வைத்தபடி திரும்பி வந்தாள்.

இந்த வருஷம் முதல் பழம் விழுந்த அன்றுதான் அவள் அதைச் சொன்னாள். அந்த டம்ளரில் ஃபெமினா குடித்தது பாதி. போதும் என்று பிள்ளை தள்ளிய மீதியை, வீணாக்க மனமில்லாமல் குடித்தவள் அவள். அன்றைக்கு மகளைவிட அதிகம் பழம் தின்றிருந்ததும் அவள்தான்.