ஐந்து நிமிடம் முன்னால் சாத்திய கேட்

எழுதும் தகுதி எனக்கு இல்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் புதிதாக வேலைக்கு வரும் அலுவலக உதவியாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். பெயர் வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு மனு வாங்கும் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் காம்பவுண்டுக்குள் வந்துவிட்டவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். ஐந்தானதும் கேட்டைச் சாத்துவது என் வேலை.

எங்கள் ஹால் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். பாலக்கோடு பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று நாங்களே அப்படி வைத்திருந்தோம். பார்க்கும்போது மனத்திலேயே ஐந்தைக் கழித்துக்கொள்வோம். அன்று இருந்த கூட்டத்தில் நான் கழிக்க மறந்து பூட்டிவிட்டேன்.

பூட்டிய சற்று நேரத்தில் மாதம்மா ஓடி வந்தார். எதிர்க்கட்சி சார்பில் ஒன்றிய வார்டுக்கு நிற்க இருந்தவர். முன்மொழிவதாகச் சொன்னவர் மதியம் பின்வாங்கிவிட, வேறு ஆளைத் தேடிக் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். கூடவே அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

"அண்ணா, தொறங்கண்ணா! அஞ்சாவ இன்னும் மூணு நிமிசம் கெடக்குதுங்க, பாருங்க" என்று மாதம்மா செல்போனைக் கம்பி வழியாக நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி கையில்தான் இருந்தது. உள்ளே நின்ற ஆளுங்கட்சிக்காரர்கள், "மணி ஆயிப்போச்சு! தொறந்தீன்னா வேல போயிரும் பாத்துக்க" என்று சத்தம் போட்டார்கள். கை எழவில்லை.

செயலாளர் கேட்டைக் குலுக்கினார். "எங்க ஆளு வந்தா மட்டும் உங்க ஆபீசு மணி தலதெறிக்க ஓடுதா? மேலருந்து போன் வந்துச்சாய்யா?"

தேர்தல் அலுவலர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லோர் போனிலும் ஐந்து தாண்டிவிட்டது. அவர் வேறு துறையிலிருந்து வந்தவர். கடிகார விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்த எங்கள் ஆட்கள் மாடியில் மனு வாங்கும் வேலையில் இருந்தார்கள்.

"சாத்தும்போது இவங்க எங்க இருந்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"வெளியங்க சார்."

"அப்ப மணி என்ன?"

"அஞ்சுங்க சார்."

"பொய்!" என்று கத்தினார் செயலாளர். மாதம்மாதான் அவரைத் தடுத்தார். "வுடுங்கண்ணா. இவரு பொய் சொல்ற ஆளில்ல. எங்க தொகுப்பு வூட்டு ஆர்டர மழயில நனஞ்சிக்கிட்டே கொண்டாந்து குடுத்தவரு. என் செல்லுதான் தப்பாயிருக்கும்."

நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேலிடத்துச் சதி என்று எதிர்க்கட்சியினர் அங்கேயே புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஆதாரம் இல்லை என்று அலுவலர் பதில் எழுதினார். சதி எதுவும் இல்லை. பஸ்ஸுக்காக வைத்த ஐந்து நிமிடம்தான். இரண்டு பக்கத்துக்கும் அது தெரியவில்லை. தெரிந்த நான் சொல்லவில்லை.

தப்பு நடந்தால் சாவி கையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், மெமோகூட வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள். "கடிகாரம் ஃபாஸ்ட் சார்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாதம்மா இன்றும் என்னை எங்கே பார்த்தாலும் "நல்லாருக்கீங்களாண்ணா" என்று கேட்கிறார்.

மறுநாள் காலை மனு பரிசீலனை நடந்தது. அந்த வார்டுக்கு ஒரே ஒரு மனுதான் வந்திருந்தது, ஆளுங்கட்சிக்காரருடையது. அதை ஏற்றுக்கொண்டார்கள்.