சத்துக்குச் சப்பாத்தி

எனக்குக் கோதுமை ஆகாது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. அரிசி ஆகாது என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலில் நின்று எந்தத் திசையில் கல்லெறிந்தாலும் நெல்லில்தான் விழும். அந்த நெல்லை நாற்றுவிட்டு, நட்டு, களை பறித்து, அறுத்து, மூட்டை பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டு, பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் சப்பாத்தி போடுகிறார்கள். கேட்டால், சுகர். சுகர் இல்லாதவர்கள், வந்துவிடக் கூடாதே என்று சாப்பிடுகிறார்கள். பத்து ஏக்கர் சம்பா போட்டிருப்பவரே, "இன்னுமா ராத்திரியில சோறு தின்னுறீங்க?" என்று அடுத்தவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

நான் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். பயிரைப் பார்த்து அதற்கு என்ன குறை என்று சொல்வதுதான் என் வேலை. இலை வெளுத்திருந்தால் ஒன்று, பழுப்புப் புள்ளி விழுந்தால் ஒன்று என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவேன். என் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை மட்டும் மாதக்கணக்கில் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதம் எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியது. "அரிசியைக் கொஞ்சம் குறைங்க" என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது "அரிசியைக் கண்ணாலயும் பாக்கக்கூடாது" என்று ஆகிவிட்டது. அதைப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டவர் என் மாமியார். எனக்கு அம்மா இல்லை. பிரசவம், பத்தியம், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாமே அத்தைதான். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மூன்றில் எதையும் அவர் அளவாகச் செலவழித்ததில்லை.

பிள்ளை பிறந்ததும் சர்க்கரை சரியாகிவிட்டது. அதைச் சப்பாத்திக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தாய்ப்பால் ஊற வேண்டும் என்று புதிய காரணமும் சேர்ந்துகொண்டது. காலையில் பாலில் நனைத்த பிரெட். பத்து மணிக்குக் கோதுமை ரவைக் கஞ்சி. நடுவில் ரஸ்க். நாலு மணிக்கு மால்ட் பவுடர் கலந்த பால். இரவு சப்பாத்தி மூன்று. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், பேசி வைத்துக்கொண்டது போல, ரஸ்க் பாக்கெட்டோடு வந்தார்கள். பீரோவில் பிள்ளையின் துணியை விட ரஸ்க் அதிகம் இருந்தது.

என் வயிறு மத்தளம் மாதிரி ஆனது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கழிப்பறைக்கு ஓடினேன். வாய்க்குள் புண் ஆறுவதும் வருவதுமாக இருந்தது. முழங்கையில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பி அரித்தது. முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. எதைச் சொன்னாலும் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

"பிள்ளை பெத்தவ அப்படித்தான் இருப்பா."

இந்த ஒரு வாக்கியத்தைப் போர்த்தி எந்த நோயையும் தூங்கவைத்துவிடலாம்.

பிள்ளையை அப்படித் தூங்கவைக்க முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பிப்பாள். முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, மூன்று மணி நேரம் அழுவாள். மலம் சில நாள் பச்சையாக, சளி மாதிரி போகும். அதற்கும் காரணம் சொல்ல ஆள் வரிசையில் நின்றது. கண்ணேறு என்றார் ஒருவர். தலையை ஈரம் போகத் துவட்டவில்லை என்றார் இன்னொருவர். தாய்ப்பால் சூடு என்றார் எதிர்வீட்டு அக்கா. கடைசியில் அத்தை கண்டுபிடித்தார்: மத்தியானம் நான் சாப்பிடும் ஒரு கைப்பிடிச் சோறு.

"அரிசி வாயு பிடிக்கும்மா. அதையும் விட்டுடு."

விட்டேன். நெல்லைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள், மத்தியானத்துக்கும் சப்பாத்திக்கு மாறினேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. வாய்க்கால் நிரம்பி, கடைத்தெருவுக்குப் போகிற தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. இரண்டாம் நாளே மாவு தீர்ந்தது. பிரெட்டும் ரவையும் அதற்கு முன்பே தீர்ந்திருந்தன. பீரோ ரஸ்க்கெல்லாம் நமுத்துப் போய்க் கோழிக்குப் போனது. வீட்டில் மிச்சம் இருந்தது பத்தாயத்து நெல்லும் அரிசியும்தான். வேறு வழியில்லாமல் குற்றவாளியையே அத்தை உலையில் போட்டார். ஐந்து நாள் கஞ்சியும் சோறும், கருவாடும் பருப்புத் துவையலும்.

நாலாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, வயிறு வலிக்கவில்லை. எத்தனையோ மாதமாக அந்த வலியோடே எழுந்து பழகியிருந்தேன்.

தண்ணீர் வடிந்த அன்றே என் கணவர் கடமை தவறாமல் ஐந்து கிலோ கோதுமை மாவோடு வந்தார். அன்று சப்பாத்தி. மறுநாள் மத்தியானத்துக்குள் மத்தளம் திரும்ப வந்தது. வயலில் ஒரு பாத்திக்கு மருந்து அடித்து, ஒரு பாத்தியைச் சும்மா விட்டு, இரண்டையும் பாருங்கள் என்று விவசாயிகளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அதை எனக்கு மழை செய்து காட்டியிருந்தது.

"என்னங்க, எனக்குக் கோதுமைதான் ஆகலைன்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவர் மாவுப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோதுமையா? டாக்டருங்க எல்லாருக்கும் எழுதிக் குடுக்குறதே அதைத்தானே?"

என்னை நம்பியது திருச்சியில் இருக்கும் நாத்தனார் ஒருத்திதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனில் மூன்று வீடியோ பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அது க்ளூட்டன். உங்க பால் வழியா பாப்பாவுக்குப் போகுது. முதல்ல பால் குடுக்கறதை நிறுத்துங்க. டின் பவுடர் வாங்கிடலாம். நானும் இன்னையிலிருந்து க்ளூட்டனை விட்டுட்டேன். இப்பவே உடம்பு லேசா இருக்கு."

அவள் விட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

சிரித்துக்கொண்டு போனை வைத்தேனே தவிர, அந்த வார்த்தை என்னை விடவில்லை. அன்று சாயங்காலம் பிள்ளை பசித்து என் மேல் முட்டியபோது பால் கொடுக்கத் தயங்கினேன். அவளுக்கு நான்தான் விஷம் ஊட்டிக்கொண்டிருக்கிறேனோ? அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்த, நானும் சேர்ந்து அழுதேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், பிள்ளையை என் மடியில் சரியாக வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

மறுநாள் தஞ்சாவூரில் குழந்தை டாக்டரிடம் போனோம். வயதான அம்மா. பிள்ளையை எடை போட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், துணியில் எடுத்துப்போன மலத்தைப் பார்த்தார். நாத்தனாரின் மூன்று வீடியோவையும் நான் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடை நல்லா ஏறுது. மலத்துல ரத்தம் இல்லை. இந்த வயசுல சாயங்காலம் அழற பிள்ளைங்க நிறைய பேர். பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்கு என்ன?"

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொன்றாகக் கேட்டார். வாய்ப்புண் உண்டா, எத்தனை தடவை வெளிக்குப் போகிறது, முழங்கையில் அது என்ன, மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா. எங்கள் அப்பாவுக்கும் வயிறு அப்படித்தான், சாகும்வரை சதை பிடிக்கவில்லை என்றேன். மழைக்காலத்து ஐந்து நாளைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சாப்பிடுற சத்து உள்ள போகுது, குடல் எடுத்துக்கலை. அப்படி இருக்கலாம். டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்."

மண்ணில் சத்து இருந்தும் வேர் எடுக்காத பயிரை எனக்குத் தெரியும். மேற்கொண்டு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"பால் குடுக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. உங்க பாலால பிள்ளை அழறாள்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லை. நிறுத்தினாத்தான் கெடுதல்." பிறகு, "டெஸ்ட் எல்லாம் முடியற வரைக்கும் கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா நோய் இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாமப் போயிடும்" என்றார்.

ஆக, எனக்கு ஆகாதது எது என்று தெரிந்த பிறகு, அதையே டாக்டர் சீட்டோடு சாப்பிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிந்து, குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து முடிவு வர மூன்று வாரம் ஆனது. "பாத்தியா, டாக்டரே சப்பாத்தி சாப்பிடச் சொல்லிட்டாரு" என்று அத்தைக்கு அந்த மூன்று வாரமும் பெருமிதம்.

முடிவு வந்தது. நோயின் பெயர் சீலியாக். வாழ்நாள் முழுக்கக் கோதுமை, பார்லி, அவை கலந்த எதுவும் கூடாது. அத்தை அன்றைக்கே தெருவில் போய், "எங்க மருமகளுக்கு சீரியல் நோயாம்" என்று அறிவித்தார். டிவியைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று எதிர்வீட்டு அக்கா ஆறுதல் சொன்னார்.

விஷயம் புரிந்ததும் அத்தை மாறிய வேகம் எனக்கே பயத்தைக் கொடுத்தது. அரிசியின் மேல் இருந்த கோபம் முழுக்க அப்படியே கோதுமையின் மேல் திரும்பியது. மாவு டப்பா, ரவை டப்பா, சேமியா எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. சப்பாத்திக்கல் தோசைக்குக்கூட வேண்டாம் என்று பரணுக்குப் போனது. அத்தனை செய்தும் என் வயிறு பாதிதான் சரியானது. என்னவென்று புரியாமல் இரண்டு வாரம் போனது. ஒரு நாள் ரசம் வைத்துக்கொண்டிருந்த அத்தை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அடிப்பாவி! இதுக்குள்ளயும் கோதுமை மாவு!"

கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்று விவசாயம் படித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வாயு கூடாதென்று எல்லாக் குழம்பிலும் ஒரு சிட்டிகை தாராளமாகப் போட்டு வந்ததும் அத்தைதான், அதைப் பிடித்ததும் அத்தைதான். ஒரு வாரம் அந்த டப்பாவோடு தெருவில் வீடு வீடாகப் போனார். அதற்குப் பிறகு என் வயிறு அடங்கியது. இரண்டு மாதத்தில் ரத்தமும் ஏறியது.

இதற்கிடையே நாலாம் மாதத்தில் பிள்ளை அழுவதை நிறுத்தினாள். தானாகவே. வசம்பு உரைத்துத் தடவியதுதான் காரணம் என்றார் அத்தை. தன் வீடியோ என்றாள் நாத்தனார். மாவு வாங்குவதைத் தான் நிறுத்தியது என்றார் என் கணவர். டாக்டரிடம் கேட்டேன். "வயசாயிடுச்சு, அதான்" என்றார் அவர்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசையில் நன்மையாக, அதாவது நற்கருணையாக, வாங்கும் அப்பமும் கோதுமைதான் என்பது, வரிசையில் பாதி தூரம் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரத்துக்குள் ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. எனக்கும் என் கணவருக்கும் ஏதோ தகராறு, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது நான் எதையோ மறைத்தேன், அதனால் அவர் நன்மை கொடுக்க மறுத்துவிட்டார். கதை நன்றாகவே இருந்தது. நானே ஒரு நிமிஷம் நம்பினேன்.

அத்தை என்னை நேரே பங்குத்தந்தையிடம் கூட்டிப்போனார். ஃபாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் கோதுமையிலதான் இருக்கணும்மா, அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா திராட்சை ரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதான்" என்றார். அப்பத் துண்டு விழாத தனிக் கிண்ணம் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தார். அடுத்த ஞாயிறு ஊரே பார்க்க அதிலிருந்து திராட்சை ரசம் குடித்தேன். பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக, பூசை முடிந்ததும் பின்வரிசைப் பெரியவர்கள் இரண்டு பேர் என்னிடம் தனியாக வந்தார்கள்.

"ஏம்மா, இந்த நோய் இருக்கான்னு எங்க போய்ப் பாக்கணும்? எனக்கும் கொஞ்ச நாளா வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

ஆறாம் மாதம் பிள்ளைக்குச் சோறு கொடுக்கும் முன் டாக்டரிடம் போனோம். அரிசிக் கஞ்சி, பருப்பு, காய் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், "கோதுமையும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்றார்.

அத்தை எழுந்து நின்றுவிட்டார். "என்னங்க டாக்டர் சொல்றீங்க? இவ அம்மாவுக்கு…"

"அம்மாவுக்குத்தான் நோய். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். சும்மா ஒளிச்சு வச்சா தெரியாது. குடுங்க, எடையைப் பாப்போம், பெரிசானதும் டெஸ்ட் பண்ணுவோம்."

திரும்பும் பஸ்ஸில் அத்தை பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அந்தம்மாவுக்கும் வயசாயிடுச்சு" என்றார்.

ஆனாலும் அடுத்த வாரம் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு வைத்து, தனித் தவாவில், என் பக்கம் மாவு பறக்காதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரே ஒரு சின்னச் சப்பாத்தி சுட்டார். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பருப்புத் தண்ணீரில் மசித்து ஒரு துளியை நாக்கில் வைத்தார். பிள்ளை யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் அத்தையின் விரலைப் பிடித்து இழுத்து, இன்னும் கேட்டாள்.

"தின்னுறாளே" என்றார் அத்தை, புகார் சொல்கிற குரலில். விரலை மட்டும் எடுக்கவில்லை.