தோற்ற தளபதியும் என் வெங்காயக் கூடையும்

நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள வீடு. என் கணவர் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டி விடுவார். அதைச் செய்து முடிக்க வேண்டியவள் நான்.

ஒரு நாள் மத்தியானம், அவருடைய சிநேகிதரும் மளிகைக்கடை முதலாளியுமான சீனத் தவுக்கே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் ஐம்பது வயதுக்காரர், விறைப்பாக நின்றார். மற்றவர் அவருடைய ஏவலாள். சீன தேசத்துச் சண்டையில் தோற்று, படை சிதறி, தப்பி வந்த தளபதியாம். அவருடைய எதிராளிகள் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். தமிழர் வீட்டில் யார் தேடப் போகிறார்கள் என்பது தவுக்கேயின் யோசனை.

"ரெண்டே நாளு. கிள்ளான்ல கப்பல் வந்ததும் ஏத்தி விட்டுடலாம்" என்றார் என் கணவர்.

"இருக்கறதே ஒரு ரூமு. நாம எங்கங்க படுக்கறது?"

"எவ்ளோ பெரிய மனுசன் வந்திருக்காரு, நீ ரூமைப் பத்திப் பேசுற!"

கப்பல் வரவில்லை. இரண்டு நாள் ஐந்து நாளாயிற்று. நாங்கள் சமையல்கட்டில் பாய் விரித்துப் படுத்தோம். தளபதி என் குழம்பைத் தொடவில்லை. அப்பளத்தை மட்டும் பொரிக்கப் பொரிக்கத் தின்றார். முன்கதவுக்குக் குறுக்கே என் துணிப்பெட்டியைத் தள்ளி வைத்தார். பின்கதவுக்கு அம்மிக்கல். குழாயடிக்குப் போக ஒவ்வொரு முறையும் அதை நகர்த்த வேண்டும். குனிய முடியாத வயிற்றோடு எத்தனை முறை நகர்த்துவது? என் கணவரோ ஆபீசிலிருந்து வந்ததும் தளபதியின் எதிரே கைகட்டி நின்று, தெரியாத பாஷைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை நான் துணி அலசிவிட்டு வந்தபோது, சமையல்கட்டுத் தரையெங்கும் என் சின்ன வெங்காயம் பரப்பியிருந்தது. நடுவே பருப்பால் வளைந்து வளைந்து ஓர் ஆறு. தளபதி முட்டிபோட்டு வெங்காயங்களை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"சண்டையில தோத்துட்டு வந்து என் அடுப்படியத்தான் பிடிக்கணுமா? பன்னெண்டு மணிக்கு யாரு சோறு போடறது?" என்று கத்திக்கொண்டே, ஆற்றோரம் தனியாகக் கிடந்த ஐந்தாறு வெங்காயத்தை அள்ளினேன்.

தளபதி என் மணிக்கட்டைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டு எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

ஏவலாள்தான் தெரிந்த கொஞ்சம் மலாய் பாஷையில் சொன்னான். நான் அள்ளிய வெங்காயங்கள் ஆற்றுப் பாலத்தைக் காக்க நிறுத்திய ஆட்களாம். பின்வாங்கும்போது அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. தளபதியின் மூத்த மகனும் அங்கேதான் இருந்தானாம்.

என் கோபம் போகவில்லை. ஆனாலும் ஈரக்கையில் இருந்த வெங்காயத்தை எடுத்த இடத்திலேயே வைத்தேன். வைத்த இடம் சரியில்லை போலும். அவர் திரும்பி வந்து ஒன்றை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். அன்றைக்குக் குழம்பு வைக்காமல், வெங்காயம் வேண்டாத மிளகு ரசம் மட்டும் வைத்தேன். சாப்பாட்டுக்கு வந்த என் கணவர், "என்ன இது, வெறும் ரசந்தானா?" என்றார். தளபதி அந்த ரசத்தை இரண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் கப்பல் வந்தது. காலை ரயிலில் கிள்ளானுக்குப் புறப்படும்போது தளபதி எனக்கு முன்னால் இடுப்புவரை குனிந்து வணங்கினார். பிறகு அம்மிக்கல்லைத் தானே தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்த தவுக்கே, தளபதி ஊர் திரும்பி மறுபடியும் சண்டைக்கு ஆள் சேர்க்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னார். என் கணவர் கைதட்டினார். நான் என் மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.